திருமலை, பொன்னூர்மலை, மேல்சித்தாமூர், திருநாதர்குன்று: 2 நாள் யாத்திரைக்கு எந்த வரிசை, என்ன ஏற்பாடு?

தென்றல்வழி:
எல்லோருக்கும் வணக்கம். தை மாதத்தில் 2 நாள் சமண யாத்திரை. மொத்தம் 9 பேர், வேன் ஏற்பாடு ஆகிவிட்டது. 3 பேர் 70 வயதைக் கடந்தவர்கள். அவர்களில் ஒருவருக்கு மூட்டுவலி. 2 பேர் பள்ளிப் பிள்ளைகள், கல்வெட்டு என்றால் உயிர். முந்தின இரவு ஆரணியில் தங்கல். போளூர் பக்கத்துத் திருமலை சிகாமணிநாதர், பொன்னூர்மலை திருவடி, மேல்சித்தாமூர், செஞ்சி திருநாதர்குன்று நான்கும் பார்க்க வேண்டும். எதை முதலில் வைப்பது? குகைக்குள் போக என்ன வேண்டும்? பூசைக்கு என்ன கொண்டு போவது? தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

முக்குடை:
நல்ல வரிசைக்கு ஒரே கணக்குதான்: வெறுங்காலில் பாறை ஏறும் இடங்கள் எல்லாம் காலை 10 மணிக்கு முன் அல்லது மாலை 4 மணிக்குப் பின், கூரை உள்ள கோயில்கள் நடுப்பகலில். தை என்றாலும் கருங்கல் 11 மணிக்குச் சுட ஆரம்பித்துவிடும்.

முதல் நாள் விடியலில் திருமலை. ஆரணியிலிருந்து போளூர் சாலையில் வடமாதிமங்கலம் வழியாகப் போகணும். காலை 6.30-க்கு அடிவாரத்தில் இருந்தால் 10.30-க்குள் நிதானமாக முடியும். அவசரமே வேண்டாம், 4 மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கே 4 கோயில், 3 குகை, 16 அடிக்குச் சற்று மேல் உயரமுள்ள நேமிநாதர் (நீங்கள் சொன்ன சிகாமணிநாதர் இவர்தான், சமணர் வணங்கும் 24 தீர்த்தங்கரரில் ஒருவர்) என்று பார்க்கவேண்டியது நிறைய. தமிழ்நாட்டில் இவ்வளவு உயரமான அருகர் (தீர்த்தங்கரர்) திருமேனி வேறில்லை. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள்.

வந்தனை வரிசை: அடிவாரக் கோயில், அதை ஒட்டிய குகைகள், நேமிநாதர், அதன்பின் மேலே பார்சுவநாதர், கடைசியாக உச்சியில் உள்ள திருவடிகள். சிலர் வெயிலுக்குப் பயந்து நேரே உச்சிக்குப் போய்விட்டு இறங்கும்போது குகைகளைப் பார்க்கிறார்கள். இளவயதுக்காரர் மட்டும் போகும்போது அது சரி. பெரியவர்கள் உடன் இருந்தால் கீழிருந்து மேலே போங்கள். முடிகிற இடத்தில் அவர்கள் அமர்ந்துகொள்ளலாம், முக்கியமான தரிசனம் எதுவும் விட்டுப்போகாது.

மதியம் ஆரணியில் சாப்பாடு, ஓய்வு. 2 மணிக்கே கிளம்பி வந்தவாசி வட்டாரத்தில் உள்ள பொன்னூர்மலை. பழைய சமண ஆசிரியர் குந்தகுந்தாசாரியாரின் திருவடி உச்சியில் இருக்கிறது, படிகள் உண்டு. மாலை இளவெயிலில் ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். தங்க அடிவாரத்திலேயே யாத்ரிகர் விடுதி கிடைக்கும். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், 9 பேருக்குத் திடீரென்று போய் நின்றால் சாப்பாடு செய்து தருவது அவர்களுக்குச் சிரமம்.

இரண்டாம் நாள் மேல்சித்தாமூரும் திருநாதர்குன்றும். எது முன் எது பின் என்பதில் மற்றவர்கள் கருத்தையும் கேட்போம்.

படிக்கல்:
முக்குடை ஐயா சொன்ன வரிசையே சரி. ஏறுவது பற்றி நான் கொஞ்சம் சொல்றேன்.

மூட்டுவலிக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். ஏறும்போது வலி தெரியாது, உற்சாகத்தில் மேல வரைக்கும் போயிடுவாங்க. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடம்புப் பாரம் முழுக்க முழங்காலில் விழும். அதனால "வலிக்குதா?" என்று கேட்டு முடிவு செய்யாதீங்க. பாதி தூரத்தில் ஒரு தடவை நாலைந்து படி இறங்கிப் பார்க்கச் சொல்லுங்க. அதில் வலி தெரிஞ்சா அங்கேயே நிறுத்திடணும். இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, வலி உள்ள காலை முதலில் கீழே வைக்கணும். கைத்தடி எடுத்தால் அடியில் ரப்பர் குமிழ் இருக்கணும், தேய்ந்து போயிருந்தா மாத்திட்டு வாங்க. வெறும் மரமோ இரும்போ வழுவழுத்த கல்லில் சறுக்கும்.

ஆளுக்கு 1 லிட்டர் தண்ணீர், பெரியவர்களுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் ஒரு பாட்டில். குரங்கு இருக்கும் இடத்தில் கையில் பிளாஸ்டிக் பை தொங்கவிடாதீங்க. மூடி போட்ட துணிப்பை, தோளில் குறுக்காக. செருப்பு வேனிலேயே இருக்கட்டும்.

அகல்விளக்கு:
சூடு தாங்காதவர்கள் பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு ஏறலாமே. பல கோயில்களில் அனுமதிக்கிறார்கள்.

படிக்கல்:
அனுமதி பற்றிப் பிரச்சனை இல்லைங்க. பல நூற்றாண்டு கால் பட்டு மெருகேறிய படியில் பருத்திக் காலுறை வழுக்கும், அதுதான் சிக்கல். சொரசொரப்பான பாறையில் பரவாயில்லை. படியில் ஏறும்போது கழற்றிடணும், நடுவில் உட்கார்ந்து மாட்டிக் கழற்ற பெரியவர்களால் ஆகாது. நேரத்தோடு போனால் காலுறையே தேவைப்படாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நீர் வழிந்த தடத்தில் கறுப்பாகப் பாசி காய்ந்திருக்கும். தையில் காய்ந்துதான் இருக்கும் என்றாலும் அதிகாலைப் பனியில் திரும்ப வழுவழுக்கும். கறுத்த கோடு தெரிந்தா அதைத் தாண்டி வெளிறின கல்லில் கால் வைக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு. பாறை முகப்பில் மலைத்தேனீ அடை தொங்குதான்னு நின்னு பார்த்துட்டு மேல ஏறுங்க. அடை இருந்தால் சென்ட், ஊதுபத்தி, சாம்பிராணி, கூச்சல் எதுவும் கூடாது. தேனீ கிளம்பினா ஓட இடமில்லாத சரிவு அது.

சுண்ணக்காரை:
குகைகளைப் பற்றி எழுதுகிறேன். இந்த யாத்திரையில் மிகவும் எளிதாகக் கெட்டுப்போகக்கூடியது அதுதான்.

திருமலைக் குகை என்றால் வெறும் இயற்கைப் பொந்து என்று நினைக்க வேண்டாம். சரிந்து நிற்கும் பெரும்பாறையின் அடியில் சுவர் எழுப்பித் தடுத்து, அறை அறையாக ஆக்கியிருக்கிறார்கள். சுவரிலும் விதானத்திலும் சுண்ணாம்புக் காரை பூசி அதன்மேல் ஓவியம். எல்லாம் ஒரே காலத்தவை அல்ல. பழைய பூச்சின்மேல் பிற்காலப் பூச்சு, அதன்மேல் மீண்டும் தீட்டல் என்று அடுக்கடுக்காக உள்ளது. இன்று கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி விஜயநகர காலமும் அதற்குப் பிந்தியதும். வட்ட வடிவில் சமவசரணம் வரைந்திருப்பதைத் தவறவிடாதீர்கள். நடுவில் தீர்த்தங்கரர், சுற்றிலும் 12 அவைகள். தேவர், மனிதர், விலங்கு எல்லாம் அறவுரை கேட்க அமர்ந்த மண்டபம் அது. பிள்ளைகளை வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கி ஒவ்வொரு சுற்றாகப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

காரை ஏன் உதிர்கிறது? பாறை இடுக்கு வழியே மழைநீர் கசிந்து காரைக்குள் இறங்குகிறது. கோடையில் அது உலரும்போது உள்ளிருக்கும் உப்பு மேற்பரப்புக்கு வந்து பூக்கிறது. பூத்த உப்பு காரையைப் பாறையிலிருந்து தள்ளிவிடும். அப்படி விட்டுப்போன இடம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஒரு விரல் பட்டால் பொலபொலவென்று விழும். "மெதுவாகத்தானே தொட்டேன்" என்பதற்கு அங்கே பொருளே கிடையாது.

கூட்டமாகப் போகிறவர்கள் செய்ய வேண்டியவை:

முதுகுப்பையை வெளியே வைத்துவிடுங்கள், முடியாவிட்டால் மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். தெரிந்தே சுவரைத் தொடுபவர் குறைவு. திரும்பும்போது பை உரசுவதுதான் அதிகம், உரசியது பைக்காரருக்குத் தெரியவும் தெரியாது. ஒரு அறைக்குள் ஒரே நேரத்தில் 3 அல்லது 4 பேருக்கு மேல் வேண்டாம். கூரை தாழ்வான இடத்தில் தலையில் எண்ணெய் வைத்தவர்கள் சாய்ந்தால் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் தூசி படிந்து கறுக்கும். நுழைந்ததும் டார்ச் அடிக்காதீர்கள். 5 நிமிடம் சும்மா நின்றால் கண் பழகிவிடும். பிறகு சிறிய டார்ச் ஒன்று போதும், தரையில் அடித்து அந்தச் சிதறலில் மேலே பாருங்கள். நேரே அடிப்பதைவிட நிறம் நன்றாகத் தெரியும். கைப்பேசியில் பிளாஷை உள்ளே போகும் முன்பே அணைத்துவிடுங்கள், தானியங்கியில் விட்டால் இருட்டில் அதுவாகவே அடிக்கும். படம் எடுப்பது பற்றி அங்கிருக்கும் காவலரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

அகல்விளக்கு:
குகைக்குள் பகவான் திருமேனி இருக்கும்போது ஒரு நெய்விளக்குக்கூட ஏற்றாமல் வருவதா? விளக்கு தர்மம் அங்கே ஆயிரம் வருடமாக நடந்தது தானே. கல்வெட்டிலேயே இருக்கிறது.

சுண்ணக்காரை:
அம்மா, விளக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை, உரிமையும் இல்லை. எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. அன்றாடப் பூசை நடக்கும் கருவறையில் விளக்கு உண்டு. ஓவியம் உள்ள அறையில் ஏற்றினால் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்த புகைக்கரி விதானத்தில் படியும். வெறும் தூசியைத் தூரிகையால் எடுக்கலாம். எண்ணெய்க்கரியை எடுக்கக் கரைப்பான் வேண்டும், கரைப்பான் நிறத்தையும் சேர்த்து இழுக்கும். போன நிறம் திரும்பாது.

சாய்வொளி:
விளக்குக் கல்வெட்டு பற்றிப் பேச்சு வந்ததால் அதையே சொல்கிறேன், பிள்ளைகளுக்கும் பயன்படும்.

மலைப்பாறை ஒன்றில் முதலாம் ராஜேந்திர சோழனின் 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது 1025-ஐ ஒட்டியது. "திருமன்னி வளர" என்று தொடங்கும் மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் வெற்றிகளைப் புகழும் முன்னுரை. கங்கை வரை சென்ற படையெடுப்பின் ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும். சோழர் வரலாறு எழுதுபவர்கள் மேற்கோள் காட்டும் "திருமலைக் கல்வெட்டு" இதுதான். ஆனால் அத்தனை நீளமான மெய்க்கீர்த்தியும் எதற்காகப் பொறிக்கப்பட்டது என்று பாருங்கள். பெரும்பாணப்பாடியில் கரைவழி மல்லியூரில் இருந்த வியாபாரி நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜிநாலயத்துத் (சமணக் கோயில்) தேவர்க்குத் திருநந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு ஒன்றுக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் வைத்தார். அந்தக் கொடையைப் பதியத்தான் அவ்வளவும். பேரரசனின் வெற்றிப் பட்டியல் முன்னுரை, ஒரு வணிகர் வீட்டுப் பெண்மணியின் விளக்கு உள்ளடக்கம்.

அகல்விளக்கு அம்மாவின் கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. சாமுண்டப்பை தானே குகைக்குள் போய்த் திரி போடவில்லை. காசைக் கோயிலிடம் வைத்தார், கோயில் விளக்கெரித்தது. நீங்களும் நெய்யையும் திரியையும் பூசகரிடம் கொடுத்துவிடுங்கள். அதே தர்மம், அதே முறை.

அகல்விளக்கு:
இது மனதுக்கு ஒப்புகிறது. அரை கிலோ நெய் கோயிலில் கொடுக்கச் சொல்கிறேன் எங்கள் குழுவுக்கும். நன்றி ஐயா.

தென்றல்வழி:
குந்தவை ஜிநாலயம் என்றால் ராஜராஜன் தமக்கை குந்தவையேதானே? அப்போது அது ராஜராஜன் கட்டிய கோயில் என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா?

சாய்வொளி:
குந்தவையின் பேரில் அமைந்த கோயில் என்று சொல்லுங்கள், அதுவே கல்வெட்டு தரும் செய்தி. ராஜராஜனைக் குறிப்பிட வேண்டுமானால் அவனுடைய 21-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கேயே உண்டு. குணவீர மாமுனிவன் என்பவர் கணிசேகர மருபொற்சூரியன் என்ற சமண ஆசிரியர் பெயரால் ஒரு மதகு கட்டுவித்த செய்தி அது. துறவி ஒருவர் ஏரி நீருக்கு மதகு கட்டியிருக்கிறார். மலையிலிருந்து இறங்கும்போது கீழே விரியும் வயல்களைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

குந்தவைக்குத் திண்டிவனம் பக்கம் தாதாபுரத்திலும் ஒரு ஜிநாலயத் தொடர்பு உண்டு. அந்த ஊர்க் கல்வெட்டு சிவனுக்கும் திருமாலுக்கும் ஜிநருக்கும் அவர் எடுப்பித்த 3 கோயில்களைச் சொல்கிறது. சிவன் கோயிலான ரவிகுலமாணிக்க ஈசுவரம் இன்றும் நிற்கிறது. சென்னை திரும்பும் வழியில் நேரமிருந்தால் எட்டிப் பாருங்கள்.

திருமலையில் தேடிப் பார்க்க வேண்டிய இன்னும் சில:

தகடூர் அதிகமான் விடுகாதழகிய பெருமாள், தன் முன்னோன் சேரன் எழினி செய்வித்த யக்ஷன், யக்ஷி (தீர்த்தங்கரரின் காவல் தெய்வங்கள்) திருமேனிகளைச் சீர்செய்து மலையில் வைத்த கல்வெட்டு. அவ்வை பாடிய அதியமான் மரபு என்று சொன்னால் பள்ளிப் பிள்ளைகள் துள்ளுவார்கள்.

கடைக்கோட்டூர்த் திருமலைப் பரவாதிமல்லரின் மாணாக்கர் அரிஷ்டநேமி ஆசாரியர் யக்ஷித் திருமேனி செய்வித்த சிறு கல்வெட்டு.

ராஜநாராயண சம்புவராயரின் 12-ஆம் ஆட்சியாண்டில், பொன்னூர் மண்ணை பொன்னாண்டையின் மகள் நல்லாத்தாள் திருமேனி எழுந்தருளுவித்த கல்வெட்டு. காலையில் இதைப் பார்த்துவிட்டு மாலையில் அதே பொன்னூர்ப் பக்கம் போகிறீர்கள். 14-ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்ப் பெண் திருமலைக்கு வந்து வழிபாடு செய்த வழியில்தான் உங்கள் வேனும் ஓடும்.

வாசிக்கும் முறை: டார்ச்சைக் கல்லுக்கு நேரே பிடித்தால் எழுத்து மறைந்துவிடும். பாறையை ஒட்டி, கிட்டத்தட்டப் படுக்கை வாக்கில் ஒரு பக்கமாகப் பிடியுங்கள். வெட்டின் ஒரு கரையில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒரு படம் எடுங்கள். படுக்கைக் கோடும் செங்குத்துக் கோடும் ஒரே ஒளியில் சரியாகத் தெரியாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகர ஏகாரம், ஒகர ஓகாரம் வேறுபாடு இருக்காது, வடசொற்கள் கிரந்தத்தில் வரும். இந்த மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிள்ளைகள் "ஸ்ரீ"யையும் "திரு"வையும் முதலில் கண்டுபிடிப்பார்கள், பிறகு ஆட்சியாண்டைக் கண்டுபிடிப்பார்கள். அந்த அளவு போதும்.

சுண்ணாம்புக் கட்டி, விபூதி, மாவு, தண்ணீர், எண்ணெய் எதையும் எழுத்தின்மேல் தேய்க்கக் கூடாது. வெள்ளையடித்த எழுத்தைப் படம் எடுத்தால், தேய்த்தவர் எங்கே கோடு என்று நினைத்தாரோ அங்கேதான் கோடு தெரியும். அடுத்து வாசிக்கிறவர் அதையே நம்பிப் பிழையாக வாசிப்பார். எண்ணெய் கல்லின் துளைகளில் இறங்கித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாறையை ஒட்டித் தீ மூட்டிச் சமைப்பது இன்னும் மோசம், சூட்டில் கருங்கல் சிம்பு சிம்பாக உரியும். எழுத்தோடு சேர்ந்து உரியும்.

சுண்ணக்காரை:
திருமலை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிதைப்பதும் கிறுக்குவதும் குற்றம். 2010 திருத்தத்துக்குப் பிறகு 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

முக்குடை:
பூசைப் பொருள் கேட்டிருந்தீர்கள். முனை முறியாத பச்சரிசி, ஆளுக்கு 100 கிராம் கணக்கில் வீட்டிலேயே பொறுக்கி, கல் நீக்கி, சிறு துணிப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சன்னிதியிலும் கைப்பிடி கொள்ளும் அளவெல்லாம் வைத்தால் உச்சிக்குப் போகும்முன் தீர்ந்துவிடும். சிட்டிகை சிட்டிகையாக 5 குவியல் போதும், அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் ஐவருக்கும். திருவடிகளில் மும்மணிக்காக (நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம்) 3 குவியல் வைப்பவர்களும் உண்டு. வைத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது, அது நிர்மால்யம், பூசைக்குப் படைத்துவிட்ட பொருள். பாறைமேல் இறைத்தால் எறும்பு மொய்த்து, வருகிறவர்கள் காலில் அவை மிதிபடும். பூசை செய்யப் போய் உயிர்க்கொலையில் முடியும். தட்டிலோ பீடத்திலோ மட்டும் வையுங்கள். கொப்பரை, கிராம்பு, ஏலம் கொண்டுபோகலாம். தோல் இடுப்புவாரும் தோல் பணப்பையும் வேனில் இருக்கட்டும்.

அபிஷேகம் பார்க்க வேண்டுமானால் காலையில்தான். பால், இளநீர், சந்தனம் கொடுப்பதானால் முந்தின நாளே கோயிலில் சொல்லி வையுங்கள். கந்தோதகம் (அபிஷேக நீர்) கொடுத்தால் நெற்றியிலும் உச்சியிலும் தொட்டுக்கொள்வது, குடிப்பதில்லை.

உங்கள் நேரக் கணக்கில் ஒன்று விட்டுப்போகக் கூடாது: சூரிய அஸ்தமனத்துக்கு முன் உணவு. தையில் 6 மணியை ஒட்டி அஸ்தமனம். பொன்னூர்மலையில் 5 மணிக்குள் இறங்கினால்தான் 5.30-க்கு இலையில் உட்கார முடியும். அதனால் 3.30-க்கே ஏறத் தொடங்குங்கள். பெரியவர்கள் ஏறாவிட்டால் அவர்களைக் கீழே விடுதியில் முதலில் இறக்கிவிடலாம்.

பொன்னூர் ஊருக்குள் ஆதிநாதர் கோயில் இருக்கிறது. பார்சுவநாதரையும் யக்ஷி ஜ்வாலாமாலினியையும் ஞாயிறுதோறும் மலைக்கு எழுந்தருளச் செய்து ஏலாசாரியார் (குந்தகுந்தரின் இன்னொரு பெயர் என்பார்கள்) திருவடிக்கு வழிபாடு நடத்தச் சொல்லும் 18-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அங்கே உண்டு. மலையேறாதவர்கள் அந்த நேரத்தில் இந்தக் கோயிலைத் தரிசிக்கலாம், வெறுமனே காத்திருக்க வேண்டாம்.

தென்றல்வழி:
அருமை. திருமேனிகளைப் பார்த்தவுடன் இன்னார் என்று சொல்வது எப்படி? போன இடத்தில் எல்லாம் "புத்தர் சிலை" என்று யாராவது சொல்கிறார்கள்.

முக்குடை:
முதலில் தலைக்கு மேல் பாருங்கள். மூன்றடுக்குக் குடை இருந்தால் அருகர். உடலில் ஆடை மடிப்பு இருக்காது. வடநாட்டுத் திருமேனிகளில் மார்பில் ஸ்ரீவத்ஸம் தெரியும். நம் பக்கத்துப் பழைய திருமேனிகளில் பெரும்பாலும் இருக்காது. அது இல்லை என்பதால் புத்தர் என்று முடிவு செய்யக் கூடாது. பலர் தடுமாறுவது அங்கேதான்.

பிறகு எந்தத் தீர்த்தங்கரர் என்பது. பீடத்தில் சங்கு இருந்தால் நேமிநாதர், காளை ஆதிநாதர், சிங்கம் மகாவீரர், பிறை சந்திரப்பிரபர். பாறைப் புடைப்புச் சிற்பங்களில் இந்த இலாஞ்சனை (அடையாளச் சின்னம்) பெரும்பாலும் இருப்பதில்லை. அப்போது பாம்புப்படம் ஒன்றே உறுதி: 7 தலை இருந்தால் பார்சுவநாதர், 5 தலை என்றால் பெரும்பாலும் சுபார்சுவர், ஆனால் 5 தலையோடு பார்சுவரும் தமிழகத்தில் உண்டு. பக்கத்தில் பார்சுவரின் யக்ஷன் தரணேந்திரனும் யக்ஷி பத்மாவதியும் இருக்கிறார்களா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். நின்ற கோலத்தில் கால் கைகளில் கொடி சுற்றியிருந்தால் பாகுபலி. இருபக்கமும் நிற்கும் பெண்கள் தங்கையர் பிராமியும் சுந்தரியும். பாகுபலி தீர்த்தங்கரர் அல்லர், குடை தேடாதீர்கள். சிங்கமும் குழந்தைகளும் உடனிருந்தால் கூஷ்மாண்டினி, நம்மவர் வழக்கில் தர்மதேவி, நேமிநாதரின் யக்ஷி. திருமலைக் குகையில் பாகுபலி, பார்சுவநாதர், தர்மதேவி மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிடலாம். பிள்ளைகளுக்கு அங்கேயே அடையாளம் படிந்துவிடும். மேல்சித்தாமூர் மலைநாதர் கோயில் பாறையிலும் இவர்களே வருகிறார்கள், மறுநாள் பிள்ளைகளையே அடையாளம் சொல்லச் சொல்லுங்கள்.

படிக்கல்:
இரண்டாம் நாள் பற்றி: திருநாதர்குன்றைக் காலையில் வைங்க. அங்கே படிக்கட்டு கொஞ்சம்தான், மீதி பாறைச் சரிவில் கைவைத்து ஏறுவது. காலை 7 மணிக்கு அங்கே இருந்து 9-க்கு இறங்கி, வெயிலேற மேல்சித்தாமூர் போனால் நிழலில் பார்க்கலாம்.

முக்குடை:
வெயில் கணக்குப்படி நீங்கள் சொல்வது சரி. ஆனால் மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணரின் தலைமை மடம், ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர். 3 பெரியவர்களும் அபிஷேகம் பார்க்க ஆசைப்படுவார்கள், அது காலையில். திருநாதர்குன்று அவர்களால் எப்படியும் ஏற முடியாது. ஏறப்போகிற 6 பேர் வசதிக்காக, ஏறாத 3 பேரின் ஒரே பெரிய தரிசனத்தைக் கெடுக்கக் கூடாது.

படிக்கல்:
ஏற்கத்தக்கது. அப்படின்னா மாலை 3.45-க்குக் குன்றடியில் இருங்க, தையில் அந்த நேரம் பாறை பொறுக்கும். 5 மணிக்கு இறங்கணும், அதுக்குமேல் ஒளி இருந்தாலும் இருக்க வேண்டாம். சரிவில் இறங்கும்போது எதிர்வெயில் கண்ணில் அடிச்சா கால் வைக்கிற இடம் தெரியாது. மாலைச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து வேனிலேயே முடிச்சிடுங்க. இறங்கும்போது பிள்ளைகளுக்கு முன்னால் வயதுவந்த ஒருவர் போகணும், பின்னால் ஒருவர். உட்கார்ந்து சறுக்கி இறங்குவதை அனுமதிக்காதீங்க, நின்று குறுக்காக நடந்து இறங்கணும்.

சாய்வொளி:
மாலை நேரத்தில் பாறைச் சிற்பங்களுக்குச் சாய்ந்த ஒளி கிடைத்தால் இன்னும் நல்லது. திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களும் ஒரே பாறையில், வரிசைக்கு 12 பேராக 2 வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள். பலர் அப்படித்தான் திரும்புகிறார்கள்.

அதே குன்றில் இன்னொரு பாறையில் சிறிய கல்வெட்டு இருக்கிறது. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம், அவருடைய நிசீதிகை. ஏறக்குறைய 6-ஆம் நூற்றாண்டு. வட்டெழுத்து (தமிழின் பழைய எழுத்து வடிவம்) உருவாகிவரும் நிலையை இதில் பார்க்கலாம். "ஐம்பத்தேழ்" என்ற சொல்லின் முதலில் வரும் "ஐ" எழுத்தைக் கல்வெட்டியல் படித்தவர்கள் மிகப் பழைய சான்றாகக் காட்டுவார்கள். இன்னொன்று இளைய பட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்ததைச் சொல்கிறது. இரண்டும் நாலைந்து சொற்கள்தான். மெய்க்கீர்த்தி இல்லை, கொடை இல்லை, அரசன் பெயர் இல்லை. திருமலையில் ராஜேந்திரன் கல்வெட்டைப் பார்த்த பிள்ளைகள் இதை அடுத்த நாளே பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வரிசை.

ஏறும்முன் ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கல்வெட்டுப் பாறை தானாகக் கண்ணில் படாது, சிற்பப் பாறையைப் போல் பெரிய முகப்பு கிடையாது. அந்த இடத்தில் உட்காரவோ சாப்பிடவோ வேண்டாம். முழந்தாளிட்டுப் பக்கவாட்டில் ஒளி பிடித்தால் எழுத்து தெரியும்.

தென்றல்வழி:
முடிவு செய்துவிட்டோம். முதல் நாள் 6.30 திருமலை, 3.30 பொன்னூர்மலை, 5.30 உணவு. இரண்டாம் நாள் காலை மேல்சித்தாமூர் அபிஷேகம், மலைநாதர், 3.45 திருநாதர்குன்று. நெய் திருமலைக் கோயிலுக்கு. முதுகுப்பை எல்லாம் வேனில். கடைசியாக ஒரு சந்தேகம்: திருமலையில் குகை பூட்டியிருந்தால்?

முக்குடை:
பூட்டியிருக்க வாய்ப்புண்டு, முக்கியமாக அதிகாலையில். போன உடனே சாவி யாரிடம் என்று காவலரையோ பூசகரையோ கேளுங்கள். அவர் வரும்வரை அருகிலுள்ள கல்வெட்டுகளைப் பார்க்கலாம், அந்த நேரத்து ஒளியும் அதற்குத் தோதானது. அருகில் அரஹந்தகிரி என்ற சமண மடம் இருக்கிறது, விவரம் அங்கேயும் கிடைக்கும். திறந்து காட்டுகிறவரை அவசரப்படுத்த வேண்டாம். பெரியவர்களை முதல் குழுவாக உள்ளே அனுப்புங்கள். வாசல் தாழ்வு, தலையைக் குனிந்தபடி 2 அடி வைத்தபின்தான் நிமிரச் சொல்ல வேண்டும்.